எழுத்து தெரிந்த தண்ணீர்

1

இன்று காலை ஒரு கிளாஸ் தண்ணீரைக் குடிக்காமல் மேசையில் வைத்துவிட்டேன். நடந்தது அவ்வளவுதான். அதற்காக என்னை அலுவலக அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

மஸ்கட்டுக்கு வெளியே ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறேன். வந்து நான்கு வருடம். நகரத்தில் கழுவியது, குளித்தது, கழித்தது எல்லாம் குழாய் வழியே எங்களிடம் வந்து சேரும். நாங்கள் அதைக் கண்ணாடி போலாக்கி அனுப்புவோம். அந்தத் தண்ணீர் நெடுஞ்சாலை ஓரத்துப் புல்லுக்கும் பூச்செடிக்கும் போகிறது. பாலைவனத்தில் புல் நனைகிறது என்பதே ஒரு காட்சி என்பதால் அதைப் பார்க்க ஆட்கள் வருவார்கள். வேறு ஊர் அதிகாரிகள், கல்லூரிப் பிள்ளைகள், கோட்டு போட்டவர்கள்.

வருகிறவர்களை முதலில் அழுக்கு வந்து விழும் வாய்க்கு அழைத்துப் போவோம். மூக்கைப் பொத்துவார்கள். கடைசியில் வெள்ளைத் துணி விரித்த மேசைக்குக் கொண்டுவருவோம். அங்கே அன்றைய பத்திரிகை இருக்கும். அதன் முன்னால் ஒரு கிளாஸில் எங்கள் தண்ணீர். தண்ணீரின் வழியே பத்திரிகையின் சின்ன எழுத்தும் தெரியும். வந்தவர்களில் ஒருவர் அதைச் சத்தமாக வாசிப்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். அப்போது நான் கிளாஸை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு வாயைத் துடைப்பேன். கைதட்டுவார்கள். குடிப்பதற்காகச் செய்த தண்ணீர் அல்ல அது. குடிக்கலாம் என்று காட்டுவதற்கான தண்ணீர்.

அந்த வேலைக்கு என்னைத் தேர்ந்தது மேற்பார்வையாளர் பிஜு. கேரளத்துக்காரர். "மத்தவன்மார் கஷாயம் குடிக்கிற மாதிரி குடிக்கிறான். நீ குடிச்சா முகத்துல ஒண்ணும் தெரியாது" என்றார். அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

இன்று எழுத்தை வாசித்தார்கள், சிரித்தார்கள். நான் கிளாஸை எடுத்தேன். திரும்ப வைத்தேன். பிஜு ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே அவரே எடுத்துக் குடித்தார். வந்தவர்கள் போன பிறகு கூப்பிட்டார்.

"உடம்பு சரியில்லையா?"

"இல்ல சார்."

"விரதமா?"

"இல்ல."

"பின்னே என்ன? தண்ணியில குறையா? குறை இருந்தா சொல்லு, பிளாண்டை நிறுத்தலாம்."

"தண்ணியில ஒரு குறையும் இல்ல."

நாங்கள் இரண்டு பேரும் பேசுகிற தமிழ் பம்பு, வால்வு, பிரஷர் வரைக்கும் நன்றாக ஓடும். அதைத் தாண்டினால் நின்றுவிடும். அடுத்த தடவை குடிக்க முடியாவிட்டால் வேறு ஆள் பார்ப்பதாகச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் கசந்தது.

அவரிடம் சொல்ல முடியாததை ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன். உங்களில் சிலருக்கு இதில் பாதி தெரியும்.

2

நான் பிறந்தது கண்டிக்கு மேலே ஹந்தானையில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில். எங்கள் வீட்டில் ஆறாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையில் தேறியதால் டவுன் பாடசாலைக்குப் போனேன். அங்கிருந்து உயர்தரம், அங்கிருந்து தொழில்நுட்பக் கல்லூரி. அந்த ஒரு பரீட்சை இல்லையென்றால் நானும் மலையில்தான் நின்றிருப்பேன். பிறகு வரப்போகும் விஷயத்துக்காக இதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

முதல் வேலை பல்லேகலையில், ஒரு தொழிற்சாலையின் கழிவுநீர் நிலையத்தில். அது பழைய முறை. உலகத்தில் பெரும்பாலான இடங்களில் இன்றும் அதுதான். ஒரு பெரிய தொட்டியில் கழிவுநீரை விட்டு அடியிலிருந்து காற்று ஊதுவார்கள். காற்றில் பெருகும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும். தின்று கொழுத்து, பழுப்பு நிறக் கசடாகத் திரளும். பிறகு எல்லாவற்றையும் அசைவில்லாத அடுத்த தொட்டிக்கு விடுவார்கள். அங்கே கசடு தன் பாரத்தில் கீழே இறங்கும். மேலே தெளிந்தது விளிம்பு தாண்டி வழியும். அதில் குளோரின் கலந்து வெளியே விடுவார்கள்.

இந்த முறையின் உயிர், கசடு ஒழுங்காக அடியில் படிவதில் இருக்கிறது. அதற்கு இடம் வேண்டும், நேரம் வேண்டும், பொறுமை வேண்டும். சில நாட்களில் கசடு பஞ்சு மாதிரி ஊதிக்கொண்டு படியமாட்டேன் என்று நிற்கும். அன்றைக்கு வெளியே போகிற தண்ணீர் கலங்கல்.

என்னோடு அங்கே வேலை செய்தவன் ரிஸ்வான். அக்குறணைக்காரன். மானி வைத்து நான் அளந்து முடிப்பதற்குள் அவன் மூக்கால் சொல்லிவிடுவான்.

"மச்சான், இண்டைக்கி கசடு படியாது. காத்து காணாது."

"மீட்டர்ல சரியாத்தானே காட்டுது."

"மீட்டருக்கு மூக்கு ஈக்கிதா? ஒன்ட சேட்டிபிகட்ட கொஞ்சம் பொக்கட்டுல வெச்சிட்டு குனிஞ்சி மணந்து பாரு."

குனிந்து பார்த்தால் அவன் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

அந்தத் தண்ணீர் நல்ல நாளிலும் லேசாக மங்கியே இருக்கும். குளோரின் வாடை அடிக்கும். யாரும் கிட்டப் போகமாட்டார்கள். அப்போது எனக்கு அது வெட்கமாக இருந்தது. அழகில்லாததே அதற்கொரு காவல் என்பது தெரியவில்லை.

மஸ்கட்டுக்கு வந்து புதிய முறையைப் பார்த்தபோது நான் மயங்கித்தான் போனேன். இங்கேயும் அதே காற்று, அதே நுண்ணுயிர். ஆனால் கசடு படியட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை. தொட்டிக்குள்ளேயே மெம்பரேன் எனும் மென்சவ்வுகளை இறக்கி வைத்திருக்கிறார்கள். இடியப்பக் கற்றையைத் தொங்கவிட்ட மாதிரி ஆயிரமாயிரம் வெள்ளைக் குழல்கள். குழலின் சுவரில் இருக்கும் துளை ஒரு தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. பம்பு உறிஞ்சும்போது தண்ணீர் மட்டும் துளை வழியே உள்ளே வரும். கசடு வெளியே நிற்கும். பாக்டீரியாவும் வெளியே நிற்கும். கசடு படிந்தாலென்ன, மிதந்தாலென்ன, வருகிற தண்ணீர் ஒரே மாதிரி. படிய வைக்கும் பெரிய தொட்டி வேண்டாம் என்பதால் பல்லேகலையில் ஒரு மைதானம் பிடிக்கும் வேலையை இங்கே சின்ன முற்றத்தில் முடித்துவிடலாம்.

ஆனால் அந்தக் குழல்களைக் கைக்குழந்தை மாதிரிப் பார்க்கவேண்டும். எண்ணெய் பட்டால் அடைக்கும். மயிர் வந்து சுற்றினால் கற்றையே சடையாகிவிடும். ஆகவே முன்னால் நுண்ணிய சல்லடை வேண்டும். காற்று நிற்கவே கூடாது. இடைக்கிடை எதிர்ப்பக்கமாகத் தண்ணீர் தள்ள வேண்டும், குளோரினிலும் சிட்ரிக் அமிலத்திலும் கழுவ வேண்டும். உறிஞ்சும் அழுத்தம் ஏறுகிறதா என்று முள்ளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே அதற்கென்று ஆறு பேர் இருக்கிறோம்.

ஆறு பேர் என்பதை மறந்துபோனதுதான் நான் செய்த தவறில் பாதி.

3

போன வருடத்துக்கு முந்திய வருடம் எங்கள் லயத்துக்கு மேலே, தோட்டம் விட்டுக்கொடுத்த காணியில் ஒரு ஹோட்டல் வந்தது. கீழே கண்டி முழுவதும் தெரியும் இடம். சரிவு என்பதால் பெரிய தொட்டி கட்ட இடமில்லை. மென்சவ்வு நிலையம் வைப்பதாகச் சொன்னார்கள். சுத்தமான தண்ணீரை ஓடையில் விடுவார்களாம். அந்த ஓடையிலிருந்துதான் எங்கள் பீலிக்குத் தண்ணீர் வருகிறது. குழாயில் விழும் அந்தத் தண்ணீரில்தான் நாற்பது குடும்பமும் குளிக்கிறது, சமைக்கிறது, குடிக்கிறது. ஆகவே லயத்து ஆட்களின் கையெழுத்து வேண்டுமென்று ஒரு கடிதம் கொண்டுவந்தார்கள்.

தோட்டத் தொழிலாளர் தலைவர் பெருமாள் எனக்குப் போன் எடுத்தார். என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு வளர்த்தவர், அன்றைக்கு 'தம்பி' என்றார், 'நீங்க' என்றார்.

"தம்பி, நாங்க சிங்களத்துல எழுதினதையும் வாசிக்க மாட்டோம், இங்கிலீசையும் வாசிக்க மாட்டோம். நீங்க தண்ணிக்கே படிச்சவரு. போடவா வேணாமான்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அடுத்த நாள் இடைவேளையில் வீடியோவில் போன் எடுத்தேன். அந்தப் பக்கம் எங்கள் வீட்டு வாசலில் தலைவர், அக்கா பரமேஸ்வரி, பின்னால் ஏழெட்டுப் பேர். முன்னால் அக்காவின் மகள் கீர்த்தி. அப்போது வயது ஒன்பது, தரம் நான்கு.

கழிவு வரும் வாயைக் காட்டினேன். "சீ" என்றார்கள். பிறகு மேசைக்கு வந்து கிளாஸை வைத்தேன். அவசரத்தில் பத்திரிகை கிடைக்கவில்லை. என் பையில் கீர்த்தி எனக்கு எழுதிய கடிதம் இருந்தது. அதைக் கிளாஸுக்குப் பின்னால் பிடித்தேன்.

"வாசி பாப்போம்" என்றேன்.

"அன்புள்ள மாமாவுக்கு" என்று வாசித்தாள். பிறகு, "ஐயோ, இது நான் எழுதினது" என்று முகத்தைப் பொத்திக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் குடித்துக் காட்டினேன்.

"இந்த மெஷின்தான் மேல வைக்கப் போறாங்க. இதுல வர்ற தண்ணி நம்ம ஓடைத் தண்ணிய விட சுத்தம். போடுங்க."

சொன்னதில் பொய் இல்லை. எங்களுக்கு மேலே இன்னும் இரண்டு லயம் இருக்கிறது. அங்கே குழிக் கக்கூசுகள் பாதி இடிந்து கிடக்கின்றன. மழைக்காலத்தில் அது எங்கே போகிறதென்று எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் மிட்வைஃப் வந்து சொல்லிச் சொல்லி, அக்கா தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பழகியிருந்தாள். ஹோட்டல் தண்ணீர் சுத்தமாக இருந்தாலும் ஓடை ஓடைதான், பழையபடி கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. கைதட்டுக்குப் பழகிய ஆளுக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை.

கடிதத்தில் ஒரு வரி சேர்த்தார்கள். இன்ன டிப்ளோமா பெற்ற இன்னாரின் தொழில்நுட்ப ஆலோசனையின் பேரில் குடியிருப்பாளர் சம்மதிக்கிறார்கள் என்று. என் பெயர் தட்டச்சில். அக்கா அதைப் படமெடுத்து அனுப்பினாள். அதை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஹோட்டல்காரர் என்னையே அந்த நிலையத்தை நடத்த வரச்சொன்னார். இந்த ஒப்பந்தம் முடியட்டும், பார்க்கலாம் என்றேன். அவர்கள் காத்திருக்கவில்லை. தோட்டவேலைக்கு வைத்திருந்த ஒரு பையனிடம் சாவியைக் கொடுத்துவிட்டார்கள்.

4

கீர்த்தி கெட்டிக்காரி. ஒரு தடவை காட்டினால் போதும். அந்த வீடியோவுக்குப் பிறகு தினமும் காலையில் பீலியில் ஒரு கிளாஸ் பிடித்து, பின்னால் புத்தகத்தை வைத்து வாசித்துப் பார்த்திருக்கிறாள். எழுத்து தெரிந்தால் குடிப்பாள். மழை பெய்து கலங்கினால் ஊற்றிவிடுவாள். மற்றப் பிள்ளைகளும் பழகிக்கொண்டார்கள். அக்கா முதலில் ஏசியிருக்கிறாள்.

"கொதிக்க வச்சது பானையில இருக்குதில்ல, அத குடியேன்டி."

"மாமாவே சொன்னாரும்மா. எழுத்து தெரிஞ்சா சுத்தம்."

மாமாவே சொன்ன பிறகு அக்கா என்ன செய்வாள். விறகு மிச்சம் என்று அவளும் விட்டுவிட்டாள்.

மென்சவ்வைத் தாண்டி வந்த தண்ணீரில் எழுத்து தெரிந்தால் அதற்கு ஓர் அர்த்தம் இருக்கிறது. துளை பழுதில்லை, குழல் கிழியவில்லை என்று அர்த்தம். ஓடைத் தண்ணீரில் எழுத்து தெரிந்தால் மண் அடியில் படிந்திருக்கிறது என்பதைத் தவிர வேறு அர்த்தம் கிடையாது. நோய் உண்டாக்குவது கண்ணில் படுகிற சாமான் இல்லை. இது முதலாம் வருடப் பாடம். பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன்.

போன வருடம் இதே நாட்களில் அக்கா போன் எடுத்தாள்.

"புள்ளைக்கு கண்ணெல்லாம் மஞ்சளா இருக்குடா. சோத்தக் கண்டாலே ஓடுறா."

கண்டி ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். மஞ்சள் காமாலை. அதே வாரத்தில் லயத்தில் இன்னும் மூன்று பிள்ளைகளுக்கு. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, கொதித்த தண்ணியா குடிக்கிறீங்க என்பது.

நாலு பிள்ளைகளும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் புலமைப்பரிசில் பரீட்சை நடந்த காலையில் கீர்த்தி எழுந்து நிற்க முடியாமல் கட்டிலில் கிடந்தாள். வெள்ளைச் சப்பாத்தைக் கழுவிக் காயவைத்து, பென்சில் சீவி வைத்திருந்தாளாம். அந்தப் பரீட்சை ஒரு பிள்ளைக்கு ஒரு தடவைதான். டவுன் பாடசாலைக்கு எங்கள் லயத்திலிருந்து வேறு வழி இருக்கிறதா என்று என்னைக் கேட்டால், எனக்குத் தெரிந்து இல்லை.

முன்பு நான் போன் எடுத்தால் அக்காவின் கையிலிருந்து பறித்துக்கொண்டு பேசுவாள். "மாமா, தண்ணி காட்டுங்க" என்பதுதான் முதல் வார்த்தை. அதற்குப் பிறகு போனுக்கு வரவில்லை. "படிக்கிறா" என்பாள் அக்கா. "தூங்கிட்டா" என்பாள். பின்னால் அவள் நடமாடுவது எனக்குக் கேட்கும்.

5

ரிஸ்வான் இப்போது கட்டுகஸ்தோட்டையில் பம்பு திருத்தும் கடை வைத்திருக்கிறான். அவனிடம் சொன்னேன். ஒரு மாதம் கழித்து, தற்செயலாக ஹோட்டல்காரரே பம்பு பழுதென்று அவனைக் கூப்பிட்டிருக்கிறார். பார்த்துவிட்டு வந்து போன் எடுத்தான்.

"மச்சான், ஒன்ட இடியப்பம் எல்லாம் ஒரே சடை. குசினியில பொரிச்ச எண்ணெய் நேரா வருது, சல்லடைய கழட்டி அங்கால வெச்சீக்கி. அழுத்தம் காட்டுற முள்ளு செவப்புல படுத்துட்டு. கழுவினதாடான்னு பொடியன்ட கேட்டேன். கழுவணுமான்னு கேக்குறான். மேலாக தூசி தட்டுறானாம்."

"அப்ப தண்ணி எப்படி வெளிய போகுது?"

"அதத்தான் செல்ல வாறேன். அங்க ஏழெட்டு வால்வு ஈக்கி. எல்லாத்துலயும் தூசி, சிலந்திக் கூடு. ஒண்டு மட்டும் கை பட்டுப் பட்டு மினுங்குது. அது பைபாஸ்."

பைபாஸ் என்றால் மென்சவ்வுக்குப் போகாமல் தொட்டியிலிருந்து நேரே ஓடைக்கு.

பழைய முறைக்கும் புதிய முறைக்கும் உள்ள வித்தியாசத்தை யாராவது என்னிடம் இப்போது கேட்டால் இதைத்தான் சொல்வேன். பழையது கெடும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். தண்ணீர் கலங்கும், நாறும், கீழே இருக்கிறவன் கத்துவான். மென்சவ்வு அப்படி அரைகுறையாக விடாது. அடைத்தால் அடைத்ததுதான், ஒரு சொட்டும் தராது. ஹோட்டலில் ஆட்கள் குளித்துக்கொண்டே இருப்பார்கள், தொட்டி நிறையும். அப்போது ஒரு கை போய் அந்த வால்வைத் திறக்கும். பெரும்பாலும் ஆளில்லாத நேரத்தில். கலங்கல் ஓடையில் கரைந்து, கல்லில் மோதி, அடியில் படிந்து, பீலிக்கு வரும்போது தெளிந்துவிடும்.

எழுத்து தெரியும்.

6

தலைவர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு காரியாலயங்களுக்கு அலைந்தார். முதல் இடத்தில், தோட்டக் காணி எங்களுக்குரியது இல்லை, தோட்ட நிர்வாகத்திடம் போங்கள் என்றார்கள். நிர்வாகம், காணியை ஹோட்டலுக்குக் கொடுத்தாயிற்று என்றது. மூன்றாவது இடத்தில் முறைப்பாட்டை எடுத்துக்கொண்டு, மாதிரி எடுக்க வரும் நாளை ஹோட்டலுக்குக் கடிதம் போட்டு அறிவித்தார்கள். அன்றைக்கு வால்வு மூடியிருந்தது. தண்ணீர் நன்றாக இருப்பதாக அறிக்கை வந்தது. ரிஸ்வான் போய்ச் சாட்சி சொன்னான். நீங்கள் பம்பு திருத்துகிறவர்தானே, இதோ ஒரு டிப்ளோமாக்காரர் நல்லது என்று சொல்லித்தானே ஊரே கையெழுத்துப் போட்டிருக்கிறது என்று என் பெயரிருந்த கடிதத்தை எடுத்துக் காட்டினார்களாம். அவர் தன் ஆலோசனையை எழுத்தில் திரும்பப் பெற்றால் கோப்பை மறுபடி பார்க்கலாம் என்றார்களாம்.

எழுத உட்கார்ந்தேன். நான்கு பக்கம் வந்தது. மென்சவ்வு என்றால் என்ன, பழைய முறையைவிட அது எப்படி மேல், துளை எவ்வளவு சிறியது, என் ஆலோசனை ஏன் தொழில்நுட்ப ரீதியில் சரி, பிழை பராமரிப்பில்தான் என்றெல்லாம். சொல்லுக்குச் சொல் பார்த்து எழுதினேன். சிங்களத்தில் மாற்றிக் கொடுப்பதற்காக ரிஸ்வானுக்கு அனுப்பினேன்.

வாசித்துவிட்டுப் போன் எடுத்தான். "நல்லாத்தான் ஈக்கி."

"மாத்திட்டியா?"

"இல்ல. ஒன்ட கேக்கணும். நாலு பக்கத்துல அந்தப் புள்ளட பேரு எங்க ஈக்கி?"

நான் கடிதத்தைத் திறந்து பக்கம் பக்கமாகத் தேடினேன்.

"மச்சான், இது மெம்பரேனுக்கு வக்கீல் எழுதின கடிதம். மெம்பரேன் ஒன்னயக் கேட்டிச்சா? தலைவரு கேட்டது வேற. அந்த மனுசன் வெயில்ல ஏறி எறங்குறாரு."

கோபம் வந்தது. பம்பு திருத்துகிறவன் எனக்குச் சொல்லித் தருகிறானா என்று ஒரு கணம் நானும் அந்தக் காரியாலயத்து மேசைக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அவன் சொன்னது சரி. இயந்திரம் தப்பு என்று எழுதினால் நான் படித்தது பொய்யாகிவிடும் என்ற பயம். நான் தப்பு என்று எழுதினால் எங்கள் வீட்டில் படித்த ஒரே ஆளும் பொய்யாகிவிடுவான் என்ற பயம். இரண்டுக்கும் நடுவே நான்கு பக்கத்தைச் சுவர் மாதிரிக் கட்டியிருந்தேன்.

பிறகு எழுதியது இவ்வளவுதான்: 'நிலையத்தை யார் நடத்துவார்கள் என்று கேட்காமல் நல்லது என்று சொன்னேன். ஓடைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொல்லவில்லை. தெளிந்த தண்ணீர் சுத்தமான தண்ணீர் என்று நம்ப வைத்தேன். அதை நம்பிக் குடித்து என் அக்காவின் மகள் கீர்த்தியும் மூன்று பிள்ளைகளும் நோயில் விழுந்தார்கள். என் ஆலோசனை பிழை. திரும்பப் பெறுகிறேன்.'

ரிஸ்வான் சிங்களத்தில் மாற்றினான். தலைவர் கையில் கொண்டுபோய்க் கொடுத்தார். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்களாம். அது நடந்து இரண்டு மாதம். இன்னும் ஒருவரும் வரவில்லை. ரிஸ்வான் போன வாரம் மேலே போயிருக்கிறான். அந்த வால்வு இன்னும் மினுங்குகிறது என்கிறான்.

7

நேற்று விடுமுறை. பின்னேரம் அக்காவுக்குப் போன் எடுத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு வருடம் என்று அவளும் நினைவு வைத்திருந்தாள். லயத்தில் இப்போது எல்லோரும் கொதிக்க வைக்கிறார்களாம். விறகுக்கு அலைச்சல். நான் எழுதிய தமிழ்க் கடிதத்தைத் தலைவர் கோவிலில் வைத்து எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாராம். எனக்கு அது தெரியாது.

"எல்லாரும் என்ன சொன்னாங்க?"

"என்னத்த சொல்லுவாங்க. கேட்டுட்டு போனாங்க. காத்தாயி மாமி மட்டும், இவ்வளவு படிச்சும் எழுதிக் குடுத்தானே அப்படின்னுச்சு."

அது திட்டா பாராட்டா என்று நான் கேட்கவில்லை.

"இந்தா, இவ பேசணுமாம்" என்றாள்.

ஒரு வருடத்துக்குப் பிறகு கீர்த்தியின் குரல். கொஞ்சம் தடித்திருந்தது. தோட்டப் பாடசாலையில் தரம் ஆறு. எப்படி இருக்கிறாய் என்றேன். நல்லா இருக்கேன் என்றாள். படிக்கிறாயா என்றேன். ம் என்றாள். பிறகு அவளே பேசினாள்.

"மாமா, பீலித் தண்ணில இன்னும் எழுத்து தெரியுது."

"தெரியும். குடிக்காத."

"நான் குடிக்கிறதில்ல. சின்னப் புள்ளைங்களயும் குடிக்க விடுறதில்ல. புத்தகத்த வச்சிப் பாக்காதீங்க, அது பொய்யின்னு சொல்லிட்டேன்."

"நல்லது."

"நீங்க இன்னும் எல்லாருக்கும் குடிச்சிக் காட்டுறீங்களா?"

எங்கள் தண்ணீர் வேறு என்று சொல்லியிருக்கலாம். ஆறு பேர் இருக்கிறோம், முள் சிவப்பைத் தொடுவதில்லை, துளை பழுதில்லை. எல்லாம் உண்மை. அந்த நான்கு பக்கமும் அப்படியே வாய் வரைக்கும் வந்தது. ஆனால் நான் குடிப்பதைப் பார்த்துப் போகிற ஒருவன் என்னைப் போலவே கிளாஸைத் தூக்கிக் காட்ட, அதைப் பார்த்துவிட்டு வேறெங்கோ ஒரு மலைச் சரிவில் யாரோ கையெழுத்துப் போடுவார்கள். அங்கே ஆறு பேர் இருக்கமாட்டார்கள்.

"இல்ல" என்றேன்.

"அப்ப சரி" என்று போனை அக்காவிடம் கொடுத்துவிட்டாள்.

அவளிடம் நேற்று நான் சொன்னது பொய். போன வியாழக்கிழமைகூடக் குடித்துக் காட்டிக் கைதட்டு வாங்கியவன் நான். இன்று காலையோடு அது பொய் இல்லை.